சந்தனக் கிரீம் மேசையடியில் ஒரு வாக்கியம்

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடிக்காத பாடங்கள் பல இருந்தன. கோபம் வந்த பாடம் ஒன்றே ஒன்றுதான், இங்கிலீஷ் இலக்கணத்தில் 'ஃப்ரேஸ்'. "முற்றுப்பெறாத சொற்கூட்டம்" என்று கரும்பலகையில் எழுதுவார்கள். அதன் கீழே பெயர்த்தொடர், வினைத்தொடர், முன்னிடைத்தொடர் என்று வகைகளை எழுதி, நாங்கள் பார்த்து முடிப்பதற்குள் அழித்தும் விடுவார்கள். முற்றுப்பெறாத ஒன்றை எதற்காகப் படிக்க வேண்டும், முற்றுப்பெற்றதைப் படித்தால் போதாதா என்று எல்கடுவத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் வாங்கில் உட்கார்ந்து நான் பொருமிக்கொண்டிருப்பேன். பள்ளி முடிவில் எழுதுகிற ஓ.எல். பரீட்சையில் இங்கிலீஷ் என்னைக் கைவிட்டது. நானும் அதைக் கைவிட்டேன். இருவருக்கும் இடையில் இனி ஒரு பேச்சும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அது அப்படி முடியவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு அதே ஃப்ரேஸ் என்னைத் தேடி வந்தது. என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது. அதைவிடப் பெரிய ஒன்றையும் கொடுத்தது. அதற்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த வழி இப்படி எழுதிவைப்பதுதான்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வழியில் இருக்கிற வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். வேன்களிலும் பஸ்களிலும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அவர்களை மரம் மரமாகக் கூட்டிக்கொண்டு போய், இது கறுவாப் பட்டை, இது கராம்பு, இது சாதிக்காய் என்று காட்டுவோம். ஓலைக் கொட்டகையில் மூலிகைத் தேநீர் கொடுப்போம். கடைசியில் எண்ணெய்களும் கிரீம்களும் பரப்பிய மேசைக்குக் கொண்டுவந்து நிறுத்துவோம். அந்த மேசைக்கு எதிரே கடை. கடை வழியாக இல்லாமல் வெளியே போக வேறு பாதை கிடையாது. அதை வேண்டுமென்றேதான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் தோட்டத்தில் இந்தத் தொழிலை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. புதிதாக வருகிறவர், பழைய கைட் ஒருவரின் பின்னால் கிரீம், எண்ணெய் மாதிரிகள் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு நடக்க வேண்டும். மழை வந்தால் குடையும் பிடிக்க வேண்டும். அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஒரு நாள் அது நம் வாயிலும் வந்துவிடும். நான் நடந்தது ஓர் அண்ணனின் பின்னால். என்னைவிடச் சில வயது மூத்தவர். மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவர், நல்ல குரல், நல்ல சிரிப்பு. அவருடைய பேச்சை நான் அப்படியே விழுங்கினேன். சொல்லை மட்டுமல்ல, இருமலையும் சேர்த்து. கராம்பு மரத்தடியில் அவர் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார். நானும் நின்றேன். பல காலம் கழித்துத்தான் தெரிந்தது, அவருக்கு முழங்கால் வலி, அந்த மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். எனக்கு முழங்காலும் நன்றாக இருந்தது, மூச்சும் நன்றாக இருந்தது. ஆனாலும் நின்றேன்.

இந்தப் பேச்சில் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. குறுக்கிட்டால் எல்லாம் போய்விடும். மிளகுக் கொடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது யாராவது "இது எத்தனை வருஷத்து மரம்?" என்று கேட்டால், நான் சிரித்துக்கொண்டே கொக்கோ மரத்திலிருந்து மறுபடி தொடங்குவேன். அவர்களும் பாவம், திரும்பிக் கொக்கோ மரத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான். தோட்டத்தில் கைட்டுகள் பலர் இருந்தோம், பேச்சு என்னவோ ஒன்றுதான்.

நான் பின்னால் நடந்து பழகிய காலம் முடிகிற நேரத்தில் அந்த அண்ணனின் மனைவி காலமானார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நோய் வருத்தம் வந்து கொஞ்ச நாள்தான் படுத்திருந்தார். தோட்டத்தில் எல்லோரும் செத்தவீட்டுக்குப் போனோம். டவுனுக்கு மேலே, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில், பெரிய பலாமரத்தடியில் அடக்கம் செய்தார்கள். திரும்பி வேலைக்கு வந்த அண்ணன், முழங்கால் முடியவில்லை என்று, நாங்கள் மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிடும் மேனேஜரிடம் சொல்லி, கடைக் கவுண்டருக்கு மாறிக்கொண்டார். அவருடைய கூட்டங்கள் எனக்கு வந்தன. தட்டேந்திப் பின்னால் நடந்தவள் முன்னால் நடக்கத் தொடங்கினேன். எல்கடுவ லயத்து வரிசை வீடுகளில் என் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க மக வெள்ளக்காரங்களோட இங்கிலீசுல பேசுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேசவில்லை, ஒப்பிக்கிறேன் என்பது அம்மாவுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது வித்தியாசம் தெரியாது.

இப்படிச் சில வருஷம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். எங்களுக்கு வேன்களை அனுப்பும் கொழும்புச் சுற்றுலாக் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வரப்போகிறாராம். இப்போது வருகிறவர்கள் போனில் எல்லாவற்றையும் எழுதிப் போடுகிறார்கள், நம் கைட்டுகள் கிளி மாதிரிப் பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள் என்றார். மேடம் ஒவ்வொருவரோடும் தோட்டத்தைச் சுற்றி நடப்பார், நடுவில் கேள்வி கேட்பார். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் முன்னால் நடக்கலாம், தெரியாதவர்கள் பொதி கட்டும் அறைக்குப் போகலாம். இதைச் சிங்களத்தில் ரொம்ப மெதுவாக, வருத்தத்தோடுதான் சொன்னார். நல்ல மனுஷர். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

பொதி கட்டும் அறையை எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, உறையில் தூளை நிரப்பி, சூடு காட்டி ஒட்ட வேண்டும். அது கேவலமான வேலை இல்லை, அங்கே இருக்கிற பெண்கள் என் சிநேகிதிகள்தான். ஆனால் நான் வாயைத் திறக்காமல் ஒரு நாள் இருந்தால் காய்ச்சல் வந்துவிடும் என்பது என் வீட்டுக்காரரின் கருத்து. அவர் சொல்வதில் எனக்கு உடன்பாடு உள்ள மிகச் சில விஷயங்களில் அதுவும் ஒன்று. முன்னால் நடந்து ருசி கண்ட பிறகு எனக்குச் சுவரைப் பார்த்து உட்கார முடியாது. லயத்தில் அம்மா சொல்லித் திரிகிற பெருமையையும் என் கையால் அழிக்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாத்தளை டவுனில் ஒரு டீச்சரைத் தேடிப் போனேன். முஸ்லிம் பெண், என் வயதுதான் இருக்கும். தன் வீட்டு முன்னறையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இங்கிலீஷ் வகுப்பு வைத்திருந்தார். பிளாஸ்டிக் கதிரைகளில் வங்கி வாசலில் நிற்கிற காவல்காரர், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு பெண், த்ரீவீலர் ஓட்டுகிற ஒருவர், இன்னும் சிலர். காவல்காரர் லக்கல பக்கத்துச் சிங்களவர். வீட்டுக்குப் போனால் யானை வரும், யானை வராத நாளில் பஸ் வராது என்று எப்போதும் அலுத்துக்கொள்வார். அவர் சொந்தமாகச் செய்த முதல் இங்கிலீஷ் வாக்கியமே "எலிஃபண்ட் கம்ஸ் எவ்ரி நைட்" என்பதுதான்.

டீச்சர் முதல் நாளே போர்டில் 'ஃப்ரேஸ்' என்று எழுதினார். எனக்குப் பழைய கோபம் அப்படியே கிளம்பியது.

"டீச்சர், இத விட்டுட்டு வேற ஏதாச்சும் சொல்லிக் குடுங்க. முழு வசனமே எனக்கு வாயில வருது. துண்டு துண்டா எதுக்கு?"

"முழுசா வருதா? அப்ப ஒண்டு செல்லுங்களே பாப்பம்" என்றார். 'சொல்லுங்க' என்பது அவர் வாயில் 'செல்லுங்க' என்றுதான் வரும்.

நான் எழுந்து நின்று கொக்கோ மரத்திலிருந்து தொடங்கினேன். ஒரு சொல் விடாமல் தேநீர்க் கொட்டகை வரைக்கும் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சர் மட்டும் தட்டவில்லை. கராம்பு மரத்தடி வந்ததும் ஏன் நின்றீர்கள் என்று கேட்டார். அண்ணன் நிற்பார், அதனால் என்றேன். இங்கிலீஷில் வேறு ஏதோ ஒரு கேள்வி கேட்டார், நான் சிரித்துக்கொண்டே மறுபடி கொக்கோ மரத்துக்குப் போய், பாதியில் வெட்கப்பட்டு உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு அவர் சொல்லித்தந்த முறையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பெயர்த்தொடர், முன்னிடைத்தொடர் என்ற பெயர்களையெல்லாம் ஒரு மூலையில் சின்னதாக எழுதிவிட்டு, கேள்விகளைப் பெரிதாக எழுதினார். யார், எது, எங்கே, எப்போது, எப்படி, எதற்கு. ஒவ்வொரு ஃப்ரேஸும் இதில் ஏதாவது ஒரு கேள்விக்குப் பதில், அவ்வளவுதான் என்றார். யார், எது என்று கேட்டால் வருவது பெயர்த்தொடர், 'த ஓல்ட் ட்ரீ', 'மை லிட்டில் சன்'. எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் முன்னிடைத்தொடர், 'பிஹைண்ட் த கிச்சன்', 'அண்டர் த ரூஃப்'. நாங்கள் தமிழில் சமையலறையைக் காட்டிவிட்டுப் பின்னால் என்போம். அவர்கள் முதலில் பின்னால் என்று கையைக் காட்டிவிட்டு அப்புறம்தான் சமையலறைக்கு வருகிறார்கள். இது புரிந்த அன்றைக்குப் பஸ்ஸில் போகும்போது கண்ணில் பட்டதையெல்லாம் முன்னிடைத்தொடராக ஆக்கிக்கொண்டே போனேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பிறகு ஒரு ஞாயிறு டீச்சர் என் பேச்சைத் துண்டுபோடச் சொன்னார். ஒரு வாக்கியத்தை எடுத்து, ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுத்து, எழுந்து வரிசையில் நிற்கச் சொன்னார். கிரீம் மேசையில் நான் தினமும் சொல்லுகிற வாக்கியம் அது. "மை வைஃப் புட்ஸ் திஸ் க்ரீம் ஆன் ஹர் ஃபேஸ் எவ்ரி நைட்." 'எவ்ரி நைட்' யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை, லக்கல காவல்காரர் பாய்ந்து எடுத்துக்கொண்டார். த்ரீவீலர்காரர் 'திஸ் க்ரீம்'. ஆஸ்பத்திரிப் பெண் 'ஆன் ஹர் ஃபேஸ்'. 'புட்ஸ்' இன்னொருவர். 'மை வைஃப்' என் பங்கு. டீச்சர் காவல்காரரைக் கடைசியிலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். வாக்கியம் உடையவில்லை. 'திஸ் க்ரீம்' போய் 'திஸ் ஆயில்' வந்தது. உடையவில்லை. எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷமாகப் பூட்டியே கிடந்த ஒரு பெட்டியை யாரோ சும்மா கையால் திறந்துவிட்டது போல இருந்தது.

அப்போது டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"செல்லுங்க. நீங்க எந்தக் கேள்விக்குப் பதில்?"

"யாரு என்கிற கேள்விக்கு. மை வைஃப்."

"யாருட வைஃப்?"

"மை வைஃப்" என்றேன் இன்னும் சத்தமாக.

 ஆஸ்பத்திரிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். த்ரீவீலர்காரர் சிரித்த சிரிப்பில் கதிரை சாய்ந்தது. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னத்தச் செல்லுறீங்க நீங்க, உங்களுக்கு வைஃப் ஈக்கிதா?" என்றார்.

'வைஃப்' என்ற சொல் எனக்குத் தெரியாதா? தெரியும். யாராவது தனியாகக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பேச்சுக்குள் இருந்தபோது அது என் காதில் விழவேயில்லை. சாமி கும்பிடும்போது வாய் சொல்லிக்கொண்டே போக, மனசு அடுப்பில் வைத்த பாலைப் பற்றி நினைப்பதில்லையா, அப்படித்தான். அன்றைக்குத்தான் பழைய சங்கதிகள் எல்லாம் விளங்கின. அந்த மேசையடியில் வெள்ளைக்காரர்கள் ஏன் அப்படி என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார்கள் என்று. ஒருமுறை, ரிவர்ஸ்டன் மலைப் பனியில் நனைந்துவிட்டுக் கைகோத்தபடி வந்த இரண்டு பெண்கள் என்னை மாறி மாறிக் கட்டிப்பிடித்து, கண் கலங்கி, கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். என் இங்கிலீஷுக்குக் கிடைத்த மரியாதை என்று வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்காரரும் நம்பினார்.

முதலில் கோபம் வந்தது, பிறகு நானும் சேர்ந்து சிரித்தேன். வகுப்பு முடிந்து பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து, இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தேன். எந்த இடத்தில் சிரிப்பு நின்றது என்று நினைவில்லை. என் வைஃப் இல்லையென்றால் அது யாருடைய வைஃப் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

அது அண்ணி. பலாமரத்தடியில் அடக்கம் செய்துவிட்டு வந்த அண்ணி. அந்த மேசைக்கு நேரெதிரே கவுண்டரில் அண்ணன் உட்கார்ந்திருக்க, இத்தனை வருஷமாக, ஒவ்வொரு கூட்டத்துக்கும், நான் அவருடைய மனைவி இரவில் முகத்துக்குக் கிரீம் பூசுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்கடுத்த வாக்கியம் அதைவிட மோசம். "ஷீ இஸ் ஸ்டில் வெரி வெரி பியூட்டிஃபுல்." பஸ்ஸில் எனக்கு முகம் எரிந்தது. அழுகையும் வந்தது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர், "வாந்தி வருதா பிள்ள, ஜன்னலத் தொறக்கவா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை கூட்டம் வருவதற்கு முன்பு கவுண்டருக்குப் போனேன். அண்ணன் போத்தல்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நானும் ஒரு துணியை எடுத்துத் துடைத்தேன்.

"அண்ணே, அந்தக் கிரீம் வசனம்..."

"ம்."

"அது நம்ம அண்ணியப் பத்தி நீங்க சொன்னது. எனக்கு அது தெரியவே இல்லண்ணே. ஏன் ஒரு வார்த்த நீங்க சொல்லல?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"மொதல்ல சொல்லலாம்னுதான் இருந்தேன் தங்கச்சி. அந்த வாரமே சொல்லலாம்னு எழும்பினேன். நீங்க சொல்லி முடிச்சிட்டீங்க. முடிச்சதும் அந்த வெள்ளக்காரங்க எல்லாம் சிரிச்சிக்கிட்டு தலையாட்டினாங்க. அவ எங்கயோ வீட்டுல இருக்கிற மாதிரி. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன்."

அடுத்த போத்தலை எடுத்தார்.

"அப்புறம் அது வர்ற நேரத்துக்குக் காத்துக்கிட்டு இருக்க ஆரம்பிச்சிட்டேன். காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா. எனக்கு அத வாயால சொல்ல வராது. அதனாலதானே கவுண்டருக்கு வந்தேன். முழங்கால் வலி சும்மா ஒரு சாக்கு."

கையில் இருந்த போத்தலை அடுக்கில் வைத்தேன்.  எனக்குத் தெரியாமலே நான் ஒருவருக்குச் செய்துகொண்டிருந்த உதவி அது. அதை அவர் ஒரு நாளும் காட்டிக்கொள்ளவில்லை, என்னை ஒரு நாளும் சங்கடப்படுத்தவும் இல்லை. அந்த மனுஷனின் மேல் எனக்கு வந்த மரியாதையை எப்படி எழுதுவதென்று இப்போதும் தெரியவில்லை.

"இப்ப மாத்திடுங்க" என்றார் அவரே. "அந்த மேடம் வந்தா மொத மொத அதத்தான் புடிப்பாங்க. நீங்க பொதி கட்டப் போகக் கூடாது. உங்க மாமியார்னு சொல்லிடுங்க."

டீச்சரும் அதைத்தான் சொன்னார். ஒரு பெயர்த்தொடரை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது, அவ்வளவுதானே. 'மை மதர்-இன்-லா.' சொல்லிப் பார்த்தேன், வாயில் நின்றது. ஆனால் என் மாமியாரின் முகத்தில் மஞ்சளைத் தவிர வேறு எதுவும் பட்டதில்லை. கிரீம் பூசச் சொன்னால் சாணியைக் கரைத்து என் முகத்தில் பூசிவிடுவார். பொய்யை இங்கிலீஷில் சொன்னாலும் பொய்தான்.

மேடம் வந்த நாள் தூறலாக இருந்தது. குடை பிடிக்கப் பின்னால் ஆள் வேண்டாம், நாம் இருவர் மட்டும் நடப்போம் என்றார்.  கறுவா மரத்தடியிலேயே குறுக்கிட்டார், பட்டை உரிக்கிறவர்கள் யார் என்று. யார் என்பது கேள்வி. பெயர்த்தொடர். "த மென் ஃப்ரம் த நெக்ஸ்ட் வில்லேஜ்" என்றேன். ஏலக்காய் எங்கே நன்றாக வளரும் என்றார். "அண்டர் த பிக் ட்ரீஸ், நியர் த வாட்டர்." கராம்பு எப்படிப் பறிக்கிறார்கள் என்றார். "வித் ரோப்ஸ் அண்ட் அ லாங் பாம்பூ." கராம்பு மரத்தடியில் நான் நிற்கவில்லை, நடந்துகொண்டே சொன்னேன். முழு வாக்கியமாக எல்லாம் வரவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது. ஒரு முறையும் கொக்கோ மரத்துக்குத் திரும்பவில்லை. உள்ளுக்குள்ளே டீச்சரை நினைத்துக்கொண்டேன். லக்கல காவல்காரரைக்கூட நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் கிரீம் மேசைக்கு வந்தோம். எதிரே அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ அடுக்குகிற பாவனையில் இருந்தார். மூடியைத் திறந்து மேடத்தின் கையில் கொஞ்சம் கிரீம் வைத்தேன். 'மை மதர்-இன்-லா' என்று தொடங்க வாயைத் திறந்தேன். வரவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டே அந்த இடத்தில் வேறு ஒருவரை வைக்க என்னால் முடியவில்லை. பெயர்த்தொடருக்குள் இன்னொரு தொடரை வைக்கலாம் என்று டீச்சர் ஒரு நாள் காட்டியிருந்தார். அது அப்போது கை கொடுத்தது.

"த வைஃப் ஆஃப் மை ஃப்ரெண்ட் அட் த கவுண்டர்" என்றேன்.

அதோடு நின்றுவிட்டேன். பூசுகிறாள் என்பதா, பூசினாள் என்பதா? எதைச் சொன்னாலும் அவருக்கு வலிக்குமே. மேடம் காத்திருந்தார். அவருடைய கண் சுருங்குவது தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்து கடைசியில் இங்கே போகப்போகிறது, நாளைக்குச் சுவர்தான் என்று நினைத்தேன்.

கவுண்டருக்குப் பின்னால் கதிரை நகரும் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து நின்றார்.

"மை வைஃப்" என்றார். குரல் உடைந்திருந்தது, ஆனால் அந்தப் பழைய நல்ல குரல்தான். "மை வைஃப் புட்ஸ் திஸ் க்ரீம் ஆன் ஹர் ஃபேஸ் எவ்ரி நைட். ஷீ இஸ் ஸ்டில் வெரி வெரி பியூட்டிஃபுல்."

மேடம் சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பி, அப்படியா, அவரைப் பார்க்க வேண்டுமே, எங்கே இருக்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவரும் எங்களைப் போலத்தான் கற்றவர், குறுக்கே கேட்டால் அவருக்கும் போய்விடும். அதுவும் அந்தக் கேள்வி.

எங்கே என்பது கேள்வி. எனக்குப் பதில் தெரியும்.

"ஆன் த ஹில், மேடம்" என்றேன். "பிஹைண்ட் த கோவில். அண்டர் த ஜாக் ட்ரீ."

மேடத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல அடங்கியது. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு கையில் வைத்திருந்த கிரீமை இரண்டு கையாலும் மெதுவாக முகத்தில் தடவிக்கொண்டார். அந்தப் பதிலில் ஒரு வினைச்சொல்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் சொன்ன அதே முற்றுப்பெறாத சொற்கூட்டம்தான். அதற்குமேல் ஒரு சொல்லும் அங்கே தேவைப்படவில்லை.

நான் பொதி கட்டும் அறைக்குப் போகவில்லை. மேடம் மேனேஜரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, அன்று மாலை மாத்தயா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு டீச்சருக்கு ஒரு பாக்கெட் கறுவாவும் கொஞ்சம் ஏலக்காயும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மாஷா அல்லாஹ், பிரியாணிக்காச்சு" என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அதே மூச்சில் அன்றைய பாடத்தைத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் இன்னும் போகிறேன். காவல்காரரும் வருகிறார். யானையும் வருகிறதாம்.

இப்போதெல்லாம் என் கூட்டம் மேசையடிக்கு வரும்போது அண்ணன் கவுண்டரை விட்டு வெளியே வருகிறார். தோட்டம் முழுக்க நான் பேசுகிறேன், அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்கிறார். மாதிரித் தட்டை ஏந்திக்கொண்டு நான் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். நடுவில் யாராவது ஏதாவது கேட்டால், அதற்கு நான் இருக்கிறேன்.